சூசைக்கு நீ சொல்லியனுப்பிய வார்த்தை

என் அக்காள் பெற்ற செல்வமே, மிக்கேலு,

நீ போயிருக்கிற இடத்தில் கடல் உண்டா? இருந்தால் இறங்குகிறாயா? கால் இரண்டும் உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதா? கேட்க ஆளில்லாமல் இதையெல்லாம் நான் காற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமன் தொம்மைக்கு ஒரு குறையும் இல்லை. வயது ஏற ஏற அழகு கூடுகிறது என்று மீன்கடைப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் புதுத் துறைமுகத்துக்கு வந்த கிரேக்கக் கப்பலின் கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிஸ்டர் தொம்மை, இந்தத் தூத்துக்குடியில் எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்றான். என் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லி அவனைத் தேற்றி அனுப்பினேன். உன் பக்கத்தில் நிற்கிற உன் அம்மா, எட்டு இல்லை ஐந்து என்று திருத்துவாள். திருத்தட்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான்தானே, அவள் இல்லையே.

சொல்ல வந்தது அதுவல்ல. உனக்குக் கயிறு பிடித்த சூசை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் வீட்டுக்கு அல்ல, உன் வீட்டுக்கு. உன் பெண்டாட்டி ரோஸம்மாள்தான் கொண்டுவரச் சொன்னாள். நீ கிடந்த கட்டிலில் இப்போது அவன் கிடக்கிறான். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று கிடக்கிறான். அதற்கான பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னால் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைப் பங்குச் சாமியார் நடத்துகிற மாதத் தாளில் போடக் கொடுக்கிறேன். படிக்கிறவர்களில் உப்பளத்து ஆட்களும் முத்தையாபுரத்து மில் ஆட்களும் உண்டு. உனக்குத் தெரிந்ததையே அவர்களுக்காகத் திரும்பவும் சொல்லுவேன், பொறுத்துக்கொள்.

நீ சங்கு குளிக்கிறவன். வள்ளத்திலிருந்து மூச்சை அடக்கி இறங்கி, அடியில் மணலுக்குள் கிடக்கிற சங்கைப் பொறுக்கிப் பைக்குள் போடுவாய். உன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனி மேலே சூசையின் கையில் இருக்கும். மூச்சு முட்டினால் நீ அசைப்பாய், அவன் தூக்குவான். இதில் நம் கடற்கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவன் அசைக்காமல் மேலே இருப்பவன் இழுக்கக்கூடாது. இழுத்தால், இவனுக்கு மூச்சு பத்தாது என்று வள்ளம் முழுக்கக் கேட்கச் சொன்னதாக ஆகிவிடும். ஒருவன் பயந்துபோய் உன்னை முன்கூட்டி இழுத்துவிட்டான் என்பதற்காக அவனோடு பேச்சையே முறித்தவன் நீ. அதற்குப் பிறகு உனக்குக் கயிறு பிடித்தது சூசை ஒருவன்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான். கயிற்றில் மீன் உரசுவதும் நீ அசைப்பதும் எனக்கு வேறுவேறாகத் தெரியும் என்பான். மைசூர் மகாராஜாவே வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று நான் திருநெல்வேலியில் சொல்லியிருக்கிறேன். உள்ளூரில் சொன்னதில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிய ஒரு நாள், நீ மேலே தலையெடுத்த நேரம் பார்த்து அலை வள்ளத்தைத் தூக்கி உன் முதுகின்மேல் போட்டது. அதோடு உனக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போயிற்று.

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் உன்னை வைத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று சொல்லி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இனி நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்காலி போட்டுச் சொன்னதால் அதை நல்ல செய்தியாகவே வெளியே வந்து சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, டாக்டர் டீ குடுத்தாரா?" என்று கேட்டாய். பிஸ்கட்டும் கொடுத்தார் என்றேன். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

கிளம்பும்போது நாசரேத்துப் பக்கத்து நர்ஸம்மா ஒருத்தி ரோஸம்மாளின் கையைப் பிடித்துச் சொன்னாள். "அவருக்குக் கீழ உணர்ச்சி கெடயாது, பாத்துக்கோ. ஒரே வாக்குல கெடந்தா தோலு அழுகிரும். அவரு கேட்டாலும் கேக்காட்டாலும் அப்பப்ப பொரட்டிப் போடணும். முதுகத் தெனமும் பாக்கணும்." ரோஸம்மாள் தலையாட்டினாள். சூசை தலையாட்டினான். நான் எஸ் எஸ் என்றேன்.

பாளையங்கோட்டையில் உப்பு இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லாரியில் உன்னைக் கொண்டுவந்தோம். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வள்ளத்துப் பாய்ச்சீலையை நாலாக மடித்துப் போட்டோம். டிரைவரிடம் நான் துறைமுக யூனியன் தலைவர் என்றேன். வல்லநாட்டு மேட்டில் லாரி குலுங்கியபோது சூசை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏலே, அலைன்னு நெனச்சிக்கோ" என்றான். நீ சிரித்தாய்.

வீட்டுக்கு வந்ததும் தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலம், ஆரஞ்சுப் பழம். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா?

"ஏளா ரோஸம்மா, மொகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே. எங்க சின்னையாவும் இப்படித்தான் தெளிஞ்சாவ. மறுவாரம் அடக்கம்."

"ஏளா, வாயக் கழுவு. சீக்காளி முன்னால பேசுத பேச்சா?"

"நான் நல்லதுக்குத்தான சொல்லுதேன். தெளிஞ்சிருக்குன்னுதான சொன்னேன்."

நீ கட்டிலில் கிடந்தபடி, "சித்தி, இது சின்னையா அடக்கத்துக்கு வாங்குன ரொட்டியா? கொஞ்சம் காஞ்சிருக்கு" என்றாய். ஊரே சிரித்தது. அவர்கள் போன பிறகு நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்தேன்.

முதலில் ரோஸம்மாள் நர்ஸம்மா சொன்னபடியேதான் செய்தாள். உனக்குத்தான் பிடிக்கவில்லை. கடலடியில் தன்னந்தனியாக நின்றவன், தண்ணீருக்கும் மூத்திரத்துக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்தாய். அவள் தொட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதைப் பார்த்துத்தான் சூசை கயிற்றோடு வந்தான். ஒரு நுனியை உன் கைக்கு எட்டும்படி கட்டிலில் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மறுநுனியைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வலைக் கொட்டகையில் உட்கார்ந்தான்.

"ஏலே மிக்கேலு, ஒரு வார்த்தை பேச வேண்டாம். அசைச்சாப் போதும். நான் இங்கனதான இருக்கேன்."

அன்றைக்கு உன் முகம் மாறியதே, அது மட்டும் நான் கூட்டிச் சொல்லாத உண்மை. மறுபடியும் ஆம்பளையாகிவிட்டாய். சூசை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். நீ அசைத்தால் எழுந்து ஓடுவான், தண்ணீர் கொடுப்பான், சட்டி வைப்பான். அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பஸ் கண்டக்டர்களிடம்கூடச் சொன்னேன். இந்த மாதிரி ஒரு ஏற்பாடு லண்டனில்கூட இல்லை என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் சொன்னதாகச் சொன்னேன்.

அதோடு உன்னைப் புரட்டிப் போடுவது நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. ஒருமுறை ரோஸம்மாள் வந்து உன் தோளைப் பிடித்தபோது, சூசை ஜன்னலுக்கு வெளியே இருந்து, "அவன் அசைக்கலியே தாயி" என்றான். நீயும், "வேணும்னா நான் அசைக்க மாட்டனா, போளா" என்றாய். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அசைக்காத ஆளைத் தொடுவது, உனக்கு மூச்சு பத்தாது என்று சொல்வதுபோல் எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

உணர்ச்சி இல்லாத முதுகு கயிற்றை எப்படி அசைக்கும்? அவ்வளவு பேர் வந்துபோன வீட்டில் இந்தக் கேள்வி ஒருவர் மனசிலும் எழவில்லை. உப்பளத்துக்காரனாக இருந்தால் எழுந்திருக்கும். பனையேறி வீட்டில் எழுந்திருக்கும். வள்ளத்தில் வளர்ந்த எங்களுக்கு எழவில்லை. கயிறு சும்மா இருந்தால் கீழே ஆள் நன்றாக இருக்கிறான் என்பதுதான் நாங்கள் படித்த பாடம்.

வாடைக் காற்றுக் காலம் வந்த பிறகுதான் கம்பவுண்டரைக் கூப்பிட்டோம். அவர் உன்னைப் புரட்டினார். முதுகில் புண், மேல்தோல் அளவில் இல்லை, உள்ளே எலும்பு தெரிந்தது. "யாருமே பாக்கலியா?" என்று அவர் கேட்டார். சூசை ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அவன் விரல்களுக்கு அந்த முடிச்சை அவிழ்க்க வரவில்லை.

பிறகு காய்ச்சல். காய்ச்சல் இறங்கவே இல்லை.

இப்போது அந்தப் பகல் நேரத்துக்கு வருகிறேன். ரோஸம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். சூசை சாமியாரைக் கூட்டிவரப் போயிருந்தான். அறையில் நீயும் நானும் மட்டும். நீ கண்ணைத் திறந்து சொன்னாய். "மாமா, சூசையண்ணன்ட்ட சொல்லுங்க. வலிச்சும் அசைக்காமக் கெடந்தேன்னு நெனைப்பாரு. வலிக்கவே இல்ல. எனக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சா அவரைத்தான மொதல்ல கூப்பிட்டிருப்பேன்."

அவ்வளவுதான் நீ சொன்னது. அதற்குப் பிறகு நீ பேசியது காய்ச்சல் பேச்சு.

உன் அடக்கத்தன்று பழைய துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. உனக்காகத்தான் ஊதியது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். யார் இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான் சொல்லுவேன். நீ சொன்னதைச் சொல்லக் கூட்டத்தில் சூசையைத் தேடினேன். குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டவன், அப்படியே குலசேகரன்பட்டினம் பஸ் ஏறிப் போய்விட்டான். ரோஸம்மாள் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஆள் விட்டு வரச் சொல்லியும் அவன் வரவில்லை. அந்த ஊரில் கரைக்கு வருகிற வள்ளங்களைத் தள்ளி ஏற்றுகிற வேலை பார்த்தான் என்று கேள்விப்பட்டேன். கடலுக்குள் போகவில்லையாம். கயிற்றைத் தொடுவதில்லையாம்.

அங்கேதான் வள்ளம் தள்ளும்போது வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். எலும்பு கூடவில்லை. நெஞ்சில் சளியும் கட்டிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லி, யார் வருவார் என்று கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் யார் பேரைச் சொல்லுவான்? என் பேரைச் சொல்லியிருக்கிறான். என் பேரைச் சொன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் கதவு திறக்கும் என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேனே.

ரோஸம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். செதில் போக மீன் உரசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க கொண்டு போவீங்க மாமா?"

"கன்னியாஸ்திரிமார் மடம் ஒண்ணு இருக்கு. அங்கன பெரிய மதர் என்னயக் கண்டா எந்திரிச்சு நிப்பாவ."

"அங்கன பொரட்டிப் போடுவாகளா?"

 அவள் அடுத்த மீனை எடுத்தாள். "இங்கன கொண்டு வாங்க. எனக்கு இப்பத் தெரியும்லா."

என்ன மனசோடு சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரக்கமா, கோபமா? இரண்டும் அவள் முகத்தில் இல்லை.

அவனை ஒரு அம்பாசடர் காரில் கொண்டுவந்தேன். டிரைவரிடம், பின்னால் படுத்திருப்பவர் ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன் என்றேன். அந்த ஆள் பள்ளம் மேடு பார்த்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் ஓட்டிவந்து, இறக்கிவிட்டு சல்யூட் அடித்தான். சூசை மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, எந்தக் கப்பலுக்கு நான் கேப்டன்?" என்றான். அவன் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான். எந்த வீட்டு வாசலில் இறக்கியிருக்கிறோம் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. "இங்கன வேண்டாம்" என்றான். ரோஸம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாயி விரிச்சாச்சு. உள்ள வாங்க" என்றாள்.

அவன் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் கேட்பதில்லை, வலி என்று சொல்வதில்லை. ரோஸம்மாள் போய்த் தோளில் கை வைத்தாள்.

"நான் கூப்பிடலியே தாயி."

"நீங்க கூப்பிட மாட்டீக. அதான் வந்தேன்."

புரட்டினாள். ஒடிந்த இடம் அசையும்போது அவன் உடம்பு விறைத்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. வேண்டுமென்றேதான் அடக்குகிறான். நீ பட்டதாக அவன் நினைக்கிற வலியை, அவனும் படவேண்டும் என்று அடக்குகிறான். கஞ்சியை இரண்டு வாய் வாங்கிவிட்டுத் திரும்பிக்கொள்கிறான்.

மறுநாள் பகலில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "அண்ணாச்சி, நீங்க கடைசி வரைக்கும் கூட இருந்தீய. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வலிச்சும் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தானா? நானா இழுப்பேன்னு பாத்துக்கிட்டுக் கெடந்தானா? அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

இதற்காகத்தானே காத்திருந்தேன், மிக்கேலு. உன் வார்த்தையை எடுத்து அவன் கையில் கொடுக்கவேண்டிய நேரம். ஆனால் இவ்வளவு பெரிய சேதியை வெறுமனே எப்படிக் கொடுப்பது? நான் யாருக்கும் வெறும் சோற்றைப் பரிமாறிப் பழகியவன் இல்லை. நீ எழுந்து உட்கார்ந்தாய் என்றேன். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்றேன். ஒரு பீடி கேட்டு வாங்கி, ஒரே இழுப்பு இழுத்து, புகையை விட்டுவிட்டுச் சொன்னாய் என்றேன். பிறகு நீ சொன்னதை அட்சரம் பிசகாமல் சொன்னேன்.

அவன் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நம்பப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"பீடியா?" என்றான்.

"ஆமாலே. ஒரே இழுப்பு."

"அவன் பீடி தொட்டதே இல்ல அண்ணாச்சி. மூச்சு கெட்டுரும்னு, வள்ளத்துல எவனாவது பத்தவச்சாக்கூட தள்ளிப் போய் உக்காருவான்."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே மறுபடி போய், பீடியையும் வெளிச்சத்தையும் எடுத்துவிட்டு, நீ சொன்னதை மட்டும் சொன்னேன். திரும்பாமலே கேட்டான். "மதியம் சொன்னதுல பீடி இருந்துச்சு. இப்ப இல்ல. நாளைக்கு என்ன இருக்கும் அண்ணாச்சி?" மாதா மேல் சத்தியம் பண்ண வாயெடுத்தேன். "வேண்டாம். எனக்காகப் பாவத்தச் சேக்காதீய. நீங்க நல்ல மனசோடதான் சொல்லுதீய, எனக்குத் தெரியும்" என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுப்படியில் ரோஸம்மாள் மெதுவாகக் கேட்டாள். "மாமா, அவுக மெய்யாவே அப்படிச் சொன்னாகளா?" மெய்யாகவே என்றேன்.  நம்பினாளா, இல்லையா? சூசையைப் புரட்டிப் போடப் போய்விட்டாள்.

அவள் பார்க்கிற பக்குவத்தை நீ பார்க்கவேண்டும். முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, துணியில் ஒரு சுருக்கம் விழாமல் இழுத்துவிடுகிறாள். அவன் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. கம்பவுண்டரே பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்றார். இதை நான் கூட்டவில்லை, அவரைக் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் என்னை வாசலுக்கு அழைத்துப் போய், நெஞ்சுச் சளி கீழே இறங்கிவிட்டது, ஆளுக்கும் இருக்கவேண்டும் என்று நினைப்பில்லை என்றார். உன்னிடம் செய்யத் தவறியதை எல்லாம் இவனிடம் செய்துவிட்டோம். அப்படியும் போகத்தான் போகிறான்.

பேச்சை நம்பாதவன் அச்சை நம்புவான் என்றுதான் இதை எழுதத் துணிந்தேன். தாள் வேலை பார்க்கிற உபதேசியார் என் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டே, "அண்ணாச்சி, கூட்டிச் சொன்ன எடத்தயெல்லாம் எடுத்துரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இதை எழுதினது தொம்மைதான் என்று சூசை எப்படி நம்புவான்? இருக்கட்டும். தாள் அடுத்த மாதம்தான் வருமாம். அதுவரைக்கும் அவன் இருக்கமாட்டான் என்பது உபதேசியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

மிக்கேலு, அவன் எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடுவான். வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு தூரமாக நிற்பான். நீதான் கிட்டப் போகவேண்டும். அவன் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. நான் சொல்லி நம்பாததை நீ சொன்னால் நம்புவான்.

அதுவரைக்கும் அவனைப் புரட்டிப் போட ரோஸம்மாளோடு நானும் கை கொடுப்பேன். கால் பக்கம் நான், தோள் பக்கம் அவள். ஒவ்வொரு தடவையும் நீ சொன்னதை அவன் காதில் சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன். அவன் நம்பமாட்டான். நம்பாவிட்டாலும் சொல்லுவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் அம்மாவுக்கு ஒரே தம்பி,
உனக்கு ஒரே தாய்மாமன்,
தொம்மை